அத்தியாயம் 7: வெட்டி இணைப்பதே வேலை – கடலோரத்தில் பழைய காருக்குத் துரு வெல்டிங்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால் தவளக்குப்பம். கிழக்கே சிறிது தூரத்தில் நல்லவாட்டுக் கடற்கரை. இந்த ஊரில் ஒரு பழைய அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ வைத்துக் காப்பாற்ற நினைப்பவருக்கு, அதே காரைச் சேலத்திலோ ஓசூரிலோ வைத்திருப்பவரைவிட வேலை அதிகம். உள்நாட்டில் துரு மழையோடு வரும், வெயில் அடித்தால் ஓரளவு அடங்கும். இங்கே காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. மழைக்காலத்தில் அடுப்படி ஜாடியில் கல் உப்பு கசிந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கதவின் அடி மடிப்புக்குள் போய் உட்கார்ந்த உப்பும் அப்படித்தான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகிறது. அதனால் சித்திரை வெயிலில்கூட அந்த மடிப்பு முழுதாகக் காய்வதில்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய மண்டபம் கடற்கரையில் தகடுகளைக் காற்றில் நிறுத்திச் சோதித்து வந்திருக்கிறது. இத்தகைய சோதனைகள் எங்கே நடந்தாலும் சொல்வது ஒன்றுதான்: அலை உடையும் இடத்துக்கு அருகில் இரும்பு மிக வேகமாகக் கரைகிறது, உள்ளே போகப் போக அந்த வேகம் சட்டென்று குறைகிறது. தவளக்குப்பம் கடலுக்கு அருகில்தான் இருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. துரு வேலை என்றால் வெல்டிங் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். யார் நன்றாக வெல்டிங் வைப்பார், எந்த மெஷின் நல்லது என்றுதான் விசாரிக்கிறார்கள். ஆனால் கடலோரத்தில் ஒரு துரு வேலை இரண்டு வருடம் நிற்குமா, இருபது வருடம் நிற்குமா என்பதை வெல்டிங் தீர்மானிப்பதில்லை. வெல்டிங்குக்கு முன்னால் எவ்வளவு தூரம் வெட்டினோம், புதுத் தகடும் பழைய தகடும் சேருமிடத்தில் தண்ணீர் ஒதுங்க இடுக்கு விட்டோமா, வெல்டிங் முடிந்தபின் அதன் முதுகுப் பக்கத்தை மூடினோமா என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. வெல்டிங் சுமாராக இருந்து இந்த மூன்றும் சரியாக இருந்தால் கார் பிழைக்கும். வெல்டிங் அருமையாக இருந்து இந்த மூன்றில் ஒன்று தவறினாலும், பெயின்ட் அடித்த மூன்றாம் மழைக்காலத்தில் கொப்புளம் எழும்.

வழக்கமாக நடக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். டிரைவர் காலடியில் ஃப்ளோர் ஓட்டையாகியிருக்கிறது. ஓட்டையைச் சுற்றி கிரைண்டர் ஓட்டி, அதைவிடப் பெரிய தகடு ஒன்றை மேலே வைத்து, நான்கு ஓரமும் வெல்டிங் வைத்து, தார் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மேலே பார்த்தால் உறுதியாக இருக்கிறது, மிதித்தால் அசையாது. ஆனால் கீழே இப்போது இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு. அதற்குள் பழைய துருவும், கிரைண்டர் தூளும், உப்பும் அடைபட்டுவிட்டன. வெல்டிங் சூட்டில் அங்கிருந்த பெயின்ட் எரிந்து இரும்பு வெறுமையாகிவிட்டது. காரின் அடியிலிருந்து தெறிக்கும் தண்ணீர் அந்த இடுக்கில் ஏறும், இறங்காது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. அந்தப் பருமன் இரண்டு தகடுகளையும் மெல்ல நெம்பித் திறக்கிறது, மேலும் தண்ணீர் ஏறுகிறது. ஓட்டையை அடைக்கப் போட்ட தகடே அடுத்த ஓட்டைக்குக் கூடாரமாகிவிடுகிறது. பழைய அம்பாசடர்களின் ஃப்ளோரைக் கழற்றிப் பார்த்தால் ஒட்டின்மேல் ஒட்டாக மூன்று அடுக்குத் தகடு இருப்பதுண்டு. வெளியே கடைசித் தகடு பளபளக்கும், நடுவில் இருப்பது கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்கும்.

ஆகவே முதல் வேலை எல்லை காண்பது. கண்ணுக்குத் தெரியும் ஓட்டை துருவின் நடுப்பகுதி மட்டுமே. சீட், கார்பெட், அதன் கீழ் ஒட்டியிருக்கும் தார்ப் படலம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு மழுங்கின ஸ்குரூடிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். மெலிந்த தகடும் பட்டி அடைத்த இடமும் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு ஸ்குரூடிரைவரின் முனையால் அந்தக் கோட்டை ஒட்டி அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் கோடு இன்னும் வெளியே தள்ள வேண்டும். காந்தம் ஒன்று கையில் இருந்தால் பட்டி எங்கே தடிமனாக இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கடைசியாக, கோட்டுக்கு வெளியே 2 செ.மீ. தள்ளிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளை இரும்பு வரவழைத்துப் பாருங்கள். அதில் கறுப்புப் புள்ளிகளாகக் குழிகள் இருந்தால் அதையும் வெட்ட வேண்டும். இப்படிப் பார்த்தால் உள்ளங்கை அளவு ஓட்டை ஒரு முறம் அளவுக்கு விரியும். வண்டிக்காரர் பயப்படுவார். ஆனால் மெலிந்த தகட்டோடு புதுத் தகட்டை இணைக்கவே முடியாது. அரை மில்லிமீட்டராகத் தேய்ந்த ஓரத்தில் வெல்டிங் வைத்தால் அது உருகி விலகும், ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். வெல்டர் திறமையற்றவர் என்று பழி வரும் இடங்களில் பாதிக்கு மேல் வெட்டாமல் விட்ட துருதான் காரணம்.

பத்மினி, அம்பாசடர் இரண்டிலும் தனிச் சேசிஸ் கிடையாது, உடல்கூடுதான் சுமையைத் தாங்குகிறது. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டும், பத்மினியின் மூலமான ஃபியட் 1100-ம் அப்படித்தான் கட்டப்பட்டன. கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பெட்டி வடிவத் தகடு, பட்டறையில் சில் என்று சொல்லப்படுவது, வீட்டுக்கு உத்தரம் மாதிரி. துருப்பிடித்த சில்லை அப்படியே அறுத்து எடுத்தால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. சில்லைத் தொடுவதற்கு முன்னால் கதவு வாசலின் மூலைவிட்டங்களை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாசலின் குறுக்கே 25 மி.மீ. ஆங்கிளைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக் கட்டுங்கள். ஜாக்கி ஸ்டாண்டை சஸ்பென்ஷன் பிடிக்கும் உறுதியான இடங்களுக்குக் கீழே கொடுங்கள். ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே மறுபக்கம் போக வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு, அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. ஆனால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் அங்கே முதலில் அரிபடும். உடலைத் தூக்காமல் அவற்றைச் சரியாகப் பார்க்க முடியாது.

தகடு விஷயத்துக்கு வருவோம். இந்தக் கார்களின் உடல் தகடு பெரும்பாலும் 0.9 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை, அதாவது 20 கேஜ், 18 கேஜ். பழைய தகட்டின் நல்ல பகுதியை வெர்னியர் வைத்து அளந்து, அதே கனத்தில் சி.ஆர். ஷீட் வாங்குங்கள். இந்தியத் தர எண் ஐ.எஸ். 513-இன் கீழ் வரும் குளிர் உருட்டுத் தகடு அது, வளைத்தால் விரிசல் விடாது. கூரைக்குப் போடும் ஜி.ஐ. ஷீட்டைத் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் ஆவியாகும், இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆகவே வெல்டிங் வைக்கிற இடத்தில் துத்தநாகம் இருக்கவே போவதில்லை. அந்த ஆவி வெல்டிங்கில் புழை விழவைக்கும், சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் கொடுக்கும். கனமான தகடு போட்டால் உறுதி கூடும் என்பதும் தப்புக் கணக்கு. 2 மி.மீ. தகட்டை உருக்கத் தேவையான சூட்டில் பக்கத்திலிருக்கும் 0.9 மி.மீ. தகடு கரைந்தோடிவிடும்.

வெட்டிய இடத்துக்கு அச்சு எடுக்கப் பழைய தினக் காலண்டரின் அட்டை போதும். அதில் வடிவம் எடுத்துத் தகட்டில் வரையுங்கள். மூலைகளைச் சதுரமாக விடாமல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வளைவாக வரையுங்கள். கூர்மூலையில் சூடும் இழுவிசையும் ஒரே புள்ளியில் குவியும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டிய தகடு வாசலில் கதவு மாதிரி உட்கார வேண்டும். மேலே ஏறவும் கூடாது, சுற்றிலும் 1 மி.மீ.க்கு மேல் சந்து இருக்கவும் கூடாது. இந்தப் பொருத்தத்துக்கு அரம் பிடித்து ஒரு மணி நேரம் செலவானாலும் வீணில்லை. அந்த ஒரு மணி நேரம் வெல்டிங்கிலும் பட்டியிலும் மூன்று மணி நேரத்தைத் திருப்பித் தரும்.

இனி வெல்டிங். குச்சி வைத்துச் செய்யும் ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டுக்கு ஒத்துவராது, பொத்துவிடும். ஊர்ப் பட்டறைகளில் சி.ஓ.2 வெல்டிங் என்று சொல்லப்படும் மிக் வெல்டிங்தான் இன்றைக்குச் சுலபம். 0.8 மி.மீ. செம்புப் பூச்சுக் கம்பி போதும், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. சுத்த சி.ஓ.2 மலிவு, ஆனால் மெல்லிய தகட்டில் ஆழமாகக் குடைந்து பொறி தெறிக்கும். ஆர்கான் 80, சி.ஓ.2 20 என்ற கலவை சிலிண்டர் விலை கூடினாலும் இந்த வேலைக்கு அதுதான் ஏற்றது. 1 மி.மீ. தகட்டுக்கு 40 முதல் 60 ஆம்பியருக்குள் தொடங்கி, அதே கனமுள்ள துண்டுத் தகட்டில் வைத்துப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். தகட்டைப் பொருத்தி, ஒரு புள்ளி. துப்பாக்கியின் விசையை ஒரு நொடி அழுத்தி விட்டால் போதும். புள்ளி செஞ்சிவப்பிலிருந்து மங்கிக் கறுப்பாகும். எதிர்ப் பக்கம் போய் இன்னொன்று. பிறகு மேலே, பிறகு கீழே. 3 செ.மீ. இடைவெளியில் இப்படிச் சுற்றிவந்த பின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒன்று, அந்த இரண்டுக்கு நடுவே இன்னொன்று என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடு பொறுக்கவில்லை என்றால் காத்திருங்கள். ஈரத் துணி வைத்துக் குளிர்விக்கத் தோன்றும், வேண்டாம். திடீர்க் குளிர்ச்சி வெல்டிங்கைக் கடினமாக்கும், அந்த ஈரமும் முதுகுப் பக்கத்தில் தங்கும். பின்பக்கம் ஒருவர் கனத்த செம்புப் பட்டை ஒன்றை அணைத்துப் பிடித்தால் சூட்டை அது குடித்துக்கொள்ளும், ஓட்டை விழாது.

ஏன் இவ்வளவு பொறுமை என்று கேட்பவர்கள் இரும்பின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடானால் 1.2 மி.மீ. நீளும். வெல்டிங் கோட்டில் சூடு ஆயிரக்கணக்கில். நீள நினைக்கும் அந்தக் கோட்டைச் சுற்றிலும் குளிர்ந்த தகடு நீளவிடாமல் பிடித்திருப்பதால் அது தடித்துக்கொள்கிறது. ஆறும்போது தடித்தபடியே சுருங்கி, சுற்றியுள்ள தகட்டை இழுக்கிறது. கதவின் தட்டைப் பரப்பில் நீளக் கோடாக ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தால் ஓரம் சட்டைக் காலர் மாதிரிச் சுருங்கி, நடுவில் பலகை உப்பி எண்ணெய் டின் போல டப் டப் என்று அடிக்கும். அதை மறைக்கத்தான் விரல் கனத்துக்குப் பட்டி பூச வேண்டிவருகிறது. புள்ளி புள்ளியாக வைக்கும் முறையில் சுருக்கம் எல்லாப் பக்கமும் பகிர்ந்துவிடும். மிச்சமிருக்கும் சுருக்கத்தை, பின்னால் டாலி கட்டையைக் கொடுத்து முன்னால் சுத்தியால் வெல்டிங் புள்ளிகளின்மேல் மட்டும் மெல்லத் தட்டி விரித்துவிடலாம். கிரைண்டர் ஓட்டும்போதும் இதே விதிதான். தகடு நீலம் பூக்கும் வரை தேய்த்தால் வெல்டிங்கில் காத்த பொறுமை அங்கே வீணாகும்.

இந்த ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கை. மிக் வெல்டிங்கைக் காப்பது துப்பாக்கி முனையில் வழியும் வாயுத் திரை. நடுப்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்தால் திறந்த பட்டறையில் அந்தத் திரை கலைந்துவிடும். வெல்டிங் தேன்கூடு போலப் புழை விழும், தட்டினால் உதிரும். மீட்டரைக் கூட்டி வாயுவை அதிகம் திறந்துவிடுவது தீர்வில்லை, சுழல் உண்டாகிக் காற்றை இன்னும் உள்ளே இழுக்கும். காலையில் வெல்டிங், மதியத்துக்குப் பின் அளவெடுப்பு, அச்சு வெட்டு, அரம் என்று நாளைப் பிரித்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் தார்ப்பாய் கட்டி மறைக்க வேண்டும். வெறும் இரும்பாகத் தேய்த்த இடத்தை ராத்திரி அப்படியே விட்டுப் போகவும் கூடாது. இந்த ஈரக் காற்றில் விடிவதற்குள் மஞ்சள் படர்ந்துவிடும். அன்று வெட்டியதை அன்றே பிரைமரால் மூட முடிகிற அளவுக்குத்தான் அன்றைய வேலையைத் திறக்க வேண்டும்.

இனி மறுப்புகள். அனுபவசாலி டிங்கர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது: கார்பைடு கல்லில் வாயு உண்டாக்கி கேஸ் வெல்டிங்கில் செய்த வேலைகள் நாற்பது வருடமாக நிற்கவில்லையா? நின்றிருக்கின்றன. கேஸ் வெல்டிங் மென்மையானது, சுத்திக்கு இளகும். மட்கார்டு, பானெட் போன்ற திறந்த, இருபுறமும் கை போகும் பலகைகளில் கைதேர்ந்தவர் வைக்கும் கேஸ் வெல்டிங், மிக் வெல்டிங்கைவிட அழகாக உட்காரும். அந்தக் கை உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த வேலைகள் நின்றதற்குக் காரணம் தீயின் தன்மை மட்டுமில்லை. அந்தத் தலைமுறை டிங்கர் தகட்டை வெட்டி, ஓரம் சேர்த்து, உருக்கி, தட்டி நேராக்கினார், மேலே ஒட்டவில்லை. சில் போன்ற மூடிய பெட்டிகளில் மட்டும் கேஸின் அகன்ற சூடு உள்ளே இருப்பதையெல்லாம் எரித்துவிடும், சுருக்கமும் அதிகம். அங்கே மிக் வெல்டிங்கே மேல். பித்தளை ஊற்றிச் சேர்ப்பதை மட்டும் கடலோரக் காருக்கு ஏற்க முடியாது. இரும்பும் பித்தளையும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். பித்தளை பிடிக்கத் தூவும் பொடியைக் கழுவாமல் விட்டால் அதுவும் அரிக்கும். பித்தளை பட்ட இடத்தில் பிற்பாடு வெல்டிங் பிடிக்கவும் மறுக்கும்.

இரண்டாவது மறுப்பு: தொழிற்சாலையே தகட்டின்மேல் தகடு வைத்துத்தானே ஸ்பாட் வெல்டிங் செய்தது, நாம் வைத்தால் மட்டும் தப்பா? காரைக் கூர்ந்து பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. இந்தக் கார்களில் துரு முதலில் கிளம்பும் இடங்கள் பெரும்பாலும் அந்த மேலேறிய இணைப்புகள்தான்: சில்லின் அடி விளிம்பு, கதவின் அடி மடிப்பு, வீல் ஆர்ச்சின் உதடு. தொழிற்சாலைக்கு வேகம் வேண்டியிருந்தது, அந்த விலையை நாம் கொடுக்கிறோம். ஆனாலும் தொழிற்சாலை விளிம்பு வைத்த இடத்தில் விளிம்பையே திரும்ப வைக்க வேண்டும், அது வடிவமைப்பின் பகுதி. அங்கே மேல் தகட்டில் 6 மி.மீ. துளைகளைப் போட்டு, இரண்டு உட்பரப்பிலும் துத்தநாகம் கலந்த, வெல்டிங் தாங்கும் பிரைமர் அடித்து, துளைகளின் நடுவில் மட்டும் வட்டமாகச் சுரண்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, துளையை உருக்கி நிரப்புங்கள். முடிந்ததும் விளிம்பு நெடுக சீம் சீலர். தொழிற்சாலை ஒரே தகடாக விட்ட இடத்தில் ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும். மேலே வைத்த ஒட்டு உறுதியாக இருக்கும் என்ற வாதம் முதல் நாளுக்குச் சரி. துரு தின்னத் தொடங்கிய பிறகு அந்த இரட்டைக் கனம் நிற்பதில்லை.

மூன்றாவது மறுப்பு பணம். வெட்டி இணைக்கும் வேலைக்குக் கூலி நாள் கணக்கில் ஏறும், ஒட்டு வேலை மாலைக்குள் முடியும். உண்மைதான். ஆனால் ஒட்டை அடுத்த முறை எடுக்கும்போது அதன் வெல்டிங் ஓரம் வரைக்கும் உள்ள நல்ல தகடும் போய்விடும். ஒவ்வொரு மலிவு வேலையும் அடுத்த வேலையின் எல்லையை விரிக்கிறது. கடைசியில் இணைக்க நல்ல இரும்பே மிஞ்சாது. பணம் போதாதவருக்கு நான் சொல்வது: இடத்தைக் குறையுங்கள், முறையைக் குறைக்காதீர்கள். இந்த வருடம் ஃப்ளோரும் சில்லும் மட்டும். மட்கார்டும் டிக்கியும் அழகுக்குக் கெடுதலே தவிர உயிருக்கு ஆபத்தில்லை, அடுத்த வருடம் வரை காத்திருக்கும். வேறொரு காரின் கூட்டையே வாங்கி மாற்றிவிடலாமே என்பவர்களுக்குச் சட்டத்தின் பக்கமும் தெரிய வேண்டும். 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம், எண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேசிஸ், உடல்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத மூல வடிவமாக அது இருக்க வேண்டும். கூட்டை மாற்றினால் அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகும். சேசிஸ் எண் பொறித்த இடத்தின் அருகில் கிரைண்டர் போகவே வேண்டாம். அங்கே துரு இருந்தால் வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

துருவைக் கறுப்பாக்கும் திரவம் ஒன்றை அடித்துவிட்டால் வெட்டவே வேண்டாம் என்ற பேச்சும் உண்டு. மேற்பரப்பில் படர்ந்த துருவுக்கு அந்த பாஸ்பாரிக் அமிலத் திரவங்கள் உதவும். குழிவிழுந்த தகட்டில் குழியின் அடியில் உப்பு இருக்கிறது. அமிலம் மேல் துருவை மாற்றுமே தவிர அந்த உப்பை வெளியேற்றாது. அதன்மேல் பூசிய பெயின்டைத் துளைத்து ஈரம் உப்பை எட்டும், கொப்புளம் அங்கிருந்து கிளம்பும். ஆகவே வெட்டாமல் விடுகிற, லேசாகக் குழிந்த இடங்களை முதலில் நல்ல தண்ணீரால் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். கடலோர ஊர்களின் போர்த் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும், அதில் கழுவினால் உப்பைக் கொண்டே உப்பைக் கழுவுவதாகும். பிடித்து வைத்த மழைநீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டும். கழுவி, சூடான காற்றில் உடனே காயவைத்து, அதன்பின் அமிலம், மறுபடி கழுவல், உடனே எபாக்ஸி பிரைமர். ரெட் ஆக்சைடு மலிவு என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது தனியாக ஈரத்தைத் தடுக்காது, மேலே பெயின்ட் வேண்டும். பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அது வெறும் இரும்பின்மேல் போகக் கூடாது, எபாக்ஸியின்மேல்தான் போக வேண்டும்.

முதுகுப் பக்கம்தான் பெரும்பாலோர் மறக்கிற இடம். சில்லின் வெளியே அழகாக வெல்டிங் வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்தாயிற்று. உள்ளே அதே கோட்டில் எரிந்த வெறும் இரும்பு நீளமாகக் கிடக்கிறது, அதை யாரும் பார்க்க முடியாது. அங்கே பிரஷ் போகாது. வடிகால் துளை வழியாக நீண்ட குழாய் விட்டு, பெட்டிகளுக்கென்றே விற்கும் மெழுகை நாலாப் பக்கமும் பீய்ச்ச வேண்டும். வெல்டிங் முற்றிலும் ஆறிய பிறகு ஒருமுறை, சில வாரம் கழித்து இன்னொருமுறை. பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. ஒன்றுமே அடிக்காததைவிட அது மேல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பரைக் கெடுக்கும், ஒழுகி மண்ணில் இறங்கும். மெழுகின் விலை பெயின்ட் செலவோடு ஒப்பிட்டால் சொற்பம்.

நெருப்பைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் தவறாமல். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின்பகுதியில் வேலை என்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். அதில் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள். பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. குளோரின் கலந்த வகையானால் அந்தச் சூட்டில் நச்சுவாயுவாகும். பழைய கார்களின் மூட்டுகளில் ஈயம் நிரப்பியிருந்தால் அதன் தூளும் புகையும் நஞ்சு, கிரைண்டர் ஓட்டும்போது மாஸ்க் கட்டாயம். கடைசி வெல்டிங்குக்குப் பின் ஒரு மணி நேரமாவது யாராவது வண்டியருகில் இருக்க வேண்டும். தாரும் பஞ்சும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்து பிறகுதான் பற்றும்.

கடைசியாக, வடிகால் துளைகள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தாழ்வான தெருக்களில் கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற காரில் கதவு அடியிலும் சில்லிலும் உள்ள வடிகால் துளைகள் திறந்திருந்தால் தண்ணீர் மணிக்கணக்கில் இறங்கிவிடும். சேற்றாலோ தாராலோ, வெல்டிங் வைத்தவரின் அவசரத்தாலோ அடைபட்டிருந்தால் வாரக்கணக்கில் உள்ளேயே நிற்கும். புதுத் தகடு பொருத்தும்போது பழைய துளை இருந்த இடத்தில் அதே அளவு துளையைப் போடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக்கொண்டு காரின் அடியில் குனிந்து அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.